முதல்நூலும் வழிநூலும்: பாக்டீரியாக்களில் மரபுப்பிழை திருத்தம்

முன்னுரை

‘நூல்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. பஞ்சிலிருந்து திரிக்கப்படும் இழையும் நூல். புலவர் இயற்றும் பனுவலும் நூல். இவ்விரு பொருள்களும் ஒருங்கே பொருந்தி நிற்பது, உயிரணுவினுள் உறையும் டி.என்.ஏ. என்னும் மரபிழை. வடிவத்தால் அது இழை. பணியால் அது பனுவல். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலாகிய மரபியல், உயிர்களின் பாகுபாட்டைக் கூறுவதோடு, முதல்நூல், வழிநூல் என்னும் பாகுபாட்டையும் கூறுகின்றது. பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்குச் சென்று சேரும் வகையை ஆராயும் அறிவியல் துறைக்கும் இன்று நாம் இட்டு வழங்கும் பெயர் ‘மரபியல்’ என்பதே.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது, தன் மரபுநூல் முழுவதையும் படியெடுத்துச் சேய்க்கு அளிக்கின்றது. படியெடுக்கும் இடத்தில் பிழையும் நேரும் என்பதை ஏட்டுச்சுவடிகளோடு பழகிய தமிழர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அவ்வாறாயின் உயிரணுவில் நேரும் பிழைகளைத் திருத்துவது யாது? எது மூலம், எது பிழை என அது எவ்வாறு அறிகின்றது? திருத்தும் ஆற்றலை இழந்த உயிருக்கு என்ன நேர்கின்றது? இவ்வினாக்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்களிடமிருந்து அறிஞர் பெற்ற விடைகளை ஈண்டுக் காண்போம். நாம் அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளோடு இவ்விடைகளுக்கு நெருங்கிய தொடர்பு உண்டு என்பது பின்னர் விளங்கும்.

நான்கெழுத்துப் பனுவல்

மரபிழை ஒன்றையொன்று தழுவி முறுக்கிய இரண்டு இழைகளால் ஆனது. அடினைன், தைமைன், குவானைன், சைட்டோசைன் என்னும் நான்கு காரங்களே அதன் எழுத்துகள். ஓர் இழையில் அடினைன் இருப்பின் எதிரிழையில் தைமைன் இருக்கும். குவானைன் இருப்பின் சைட்டோசைன் இருக்கும். இவ்விணைப்பொருத்தம் ஓர் ஒழுங்கு. ஆகவே, ஓரிழையைக் கொண்டே மற்றோர் இழையை எழுதிவிடலாம்.

மனிதக் குடலில் வாழும் எஷரிச்சியா கோலி என்னும் பாக்டீரியா, மரபியல் ஆய்வாளரின் நெடுநாள் துணையாகும். அதன் ஆய்வகவகை ஒன்றின் மரபுநூல் முழுவதும் 1997இல் படித்து வெளியிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்திணைகள் உள்ளன. நல்ல உணவும் வெப்பமும் கிடைத்தால், இவ்வுயிர் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அதன் படியெடுக்கும் நொதி நொடிக்கு ஏறத்தாழ 1000 எழுத்துகள் வீதம் எழுதிச் செல்கின்றது. இத்துணை விரைவில் எழுதுகின்ற கை எத்துணை முறை தவறும்?

மூன்று காவல்கள்

எழுதும் நொதி, எதிரெழுத்தோடு பொருந்தும் எழுத்தையே தேர்ந்தெடுக்கும் இயல்புடையது. இது முதற்காவல். இக்காவல் மட்டும் இருந்தால் இலட்சம் எழுத்துக்கு ஒன்று என்னும் அளவில் பிழை நேரும் எனக் கொள்ளலாம். அதாவது, 46 இலட்சம் எழுத்துகளைக் கொண்ட ஓர் இழையை எழுதி முடிப்பதற்குள் 46 பிழைகள் நேரும்.

எழுதிய எழுத்து பொருந்தவில்லையெனின், அந்நொதியே ஓரடி பின்வாங்கி, அதனை அழித்து, மீண்டும் எழுதும். இது இரண்டாம் காவல். இதனால் பிழை ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைகின்றது. இப்போது இரண்டு இழைகளுக்கு ஒரு பிழை என்னும் நிலை.

எழுதிய கை அப்பால் நகர்ந்த பின்னரும் எஞ்சி நிற்கும் பிழையைத் தேடித் திருத்துவதே மூன்றாம் காவல். பொருந்தாமல் நிற்கும் எழுத்திணையைக் கண்டு திருத்துவதால், இதனைப் ‘பொருந்தா இணை திருத்தம்’ எனலாம். இது பிழையை மேலும் நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை குறைக்கின்றது. முடிவில் எஞ்சுவது, மரபுநூலை முந்நூறு முதல் ஆயிரம் முறை படியெடுத்தால் ஒரு பிழை என்னும் அளவே. பல்வேறு நுண்ணுயிர்களை ஒப்பிட்ட ஜான் டிரேக் என்னும் அறிஞர், ஒரு படிக்கு நேரும் பிழை அவற்றுள் ஏறத்தாழ ஒரே அளவாக இருப்பதை 1991இல் எடுத்துக்காட்டினார்.

தராவீஹ் தொழுகையைக் கண்டவர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். ஓதும் இமாம் தம் பிழையைத் தாமே உணர்ந்து திருத்திக்கொள்வதும் உண்டு. அவர் உணராதபோது, பின்னால் நிற்கும் ஹாபிழ் எடுத்துக்கொடுத்துத் திருத்துவதும் உண்டு. பின்னிற்பவர் திருத்தவேண்டுமெனின் மூலம் அவர் நெஞ்சில் பதிந்திருத்தல் வேண்டும். உயிரணுவின் மூன்றாம் காவலுக்கும் இதுவே நிபந்தனை.

எது முதல்நூல்?

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. குவானைனுக்கு எதிரே சைட்டோசைன் நிற்கவேண்டிய இடத்தில் தைமைன் நிற்கின்றது எனக் கொள்வோம். இரண்டும் பொருந்தவில்லை என்பது வெளிப்படை. ஆனால் பிழைபட்டது எது? தைமைனை நீக்கிச் சைட்டோசைனை இட்டாலும் பொருத்தம் வரும். குவானைனை நீக்கி அடினைனை இட்டாலும் பொருத்தம் வரும். முன்னது திருத்தம், பின்னது பிழையை நிலைபெறச் செய்தல்.

சுவடிப் பதிப்பாசிரியர் பலர் எதிர்கொண்ட இடர்ப்பாடும் இதுவே. உமறுப்புலவர் இயற்றிய சீறாப்புராணத்தைச் சுவடிகளினின்று எடுத்து 1842இல் அச்சேற்றிய புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் போன்றோரின் உழைப்பை இங்கே நினைத்துப் பார்க்கலாம். இரு சுவடிகள் வேறுபடும் இடத்தில் எது மூலத்திற்கு அணித்து என்பதற்கு ஒரு குறி வேண்டும். குறியின்றித் திருத்துபவர், பாதி இடங்களில் மூலத்தையே அழித்துவிடுவார்.

பாக்டீரியாவில் அக்குறி முன்னரே இடப்பட்டுள்ளது. குவானைன், அடினைன், தைமைன், சைட்டோசைன் என்னும் நான்கும் இதே வரிசையில் அமைந்த இடங்கள் எஷரிச்சியா கோலியின் மரபுநூலில் ஏறத்தாழ 19,000 உள்ளன. அவ்விடங்களிலுள்ள அடினைன்மீது மெத்தில் என்னும் சிறு வேதித்தொகுதியை ஒரு நொதி பதிக்கின்றது. இதனை ஒரு முத்திரை எனலாம். பழைய இழையில் முத்திரை உண்டு. புதிதாக எழுதப்பட்ட இழையிலோ, எழுதி முடித்த சிறிது நேரத்திற்குப் பின்னரே முத்திரை விழும். அச்சிறு இடைவெளியில், முத்திரை பெற்ற இழை முதல்நூல் என்றும், முத்திரை பெறாத இழை வழிநூல் என்றும் அறியலாம். திருத்தம் நிகழவேண்டிய காலமும் அதுவே.

திருத்தும் பணியில் மூன்று புரதங்கள் முதன்மையானவை. அவற்றை மியூட்-எஸ், மியூட்-எல், மியூட்-எச் என்பர். மியூட்-எஸ் பொருந்தா இணையைக் கண்டு பற்றிக்கொள்கின்றது. மியூட்-எல் அதனோடு சேர்ந்து செய்தியைக் கடத்துகின்றது. மியூட்-எச் அருகிலுள்ள முத்திரை இடத்தை நாடி, முத்திரையில்லாத இழையை மட்டும் வெட்டுகின்றது. வெட்டுண்ட இடத்திலிருந்து பிழையுள்ள இடம் கடந்து செல்லும்வரை அவ்விழை பிரித்து நீக்கப்படுகின்றது. பின்னர் முதல்நூலைப் பார்த்து அப்பகுதி முழுவதும் மீண்டும் எழுதப்பட்டு ஒட்டப்படுகின்றது. ஒரே ஓர் எழுத்துப் பிழைக்காக ஆயிரம் எழுத்துகளைக்கூட அழித்தெழுத உயிரணு தயங்குவதில்லை.

முத்திரையின் இன்றியமையாமையை ஆய்வுகளும் மெய்ப்பித்தன. முத்திரையிடும் நொதி பழுதுபட்ட பாக்டீரியாவில் சடுதிமாற்றங்கள் மிகுந்தன. அந்நொதி அளவுக்கு மீறிச் சுரந்து, புதிய இழையிலும் உடனே முத்திரை விழுந்தபோதும் சடுதிமாற்றங்கள் மிகுந்தன. இரண்டு நிலைகளிலும் பழையதும் புதியதும் ஒன்றுபோல் தோன்றியமையே காரணமாகும். மூலம் இதுவென அறியாத இடத்தில், திருத்தும் கருவி இருந்தும் பயனில்லை.

ஆய்ந்துணர்ந்த அறிஞர்

இம்முறை ஒருவரால் ஒரு நாளில் அறியப்பட்டதன்று. மேத்யூ மெசல்சன், மிரோஸ்லாவ் ராட்மன் முதலிய அறிஞர் 1970களில் இதன் அடிப்படைகளை வகுத்தனர். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் மோட்ரிச், இதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். தூய்மைப்படுத்திய புரதங்களைக் கொண்டே இத்திருத்தம் முழுவதையும் சோதனைக்குழாயில் நிகழ்த்திக்காட்டி, 1989இல் தம் குழுவினருடன் வெளியிட்டார். மோட்ரிச்சின் தந்தை ஓர் உயிரியல் ஆசிரியர், டி.என்.ஏ. பற்றிக் கற்குமாறு இளமையிலேயே மகனைத் தூண்டியவர் அவரே.

மரபிழைச் சீரமைப்பு ஆய்வுக்காக 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு தாமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஸீஸ் சன்ஜார் ஆகிய மூவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அஸீஸ் சன்ஜார் துருக்கியின் தென்கிழக்கிலுள்ள சாவுர் என்னும் சிற்றூரில் 1946இல் பிறந்தவர். அவர்தம் பெற்றோர் எழுதப்படிக்க அறியாதவர். எனினும் பிள்ளைகளின் கல்வியைத் தம் கடமையாகக் கொண்டவர். இஸ்தான்புல்லில் மருத்துவம் பயின்ற சன்ஜார், புறஊதாக் கதிரால் சிதைந்த மரபிழையைப் பாக்டீரியா சீரமைக்கும் வகையைக் கண்டறிந்தார். மோட்ரிச் ஆய்ந்த முறையிலும், சன்ஜார் ஆய்ந்த முறையிலும் இழையைப் பிரிக்கும் பணியைச் செய்வது ஒரே புரதமாகும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் நம் மாணவர் இவ்வரலாற்றை மனத்தில் இருத்துவாராக.

திருத்துவோரை இழந்த உயிர்

மியூட்-எஸ், மியூட்-எல் முதலிய புரதங்களை உண்டாக்குவனவும் மரபணுக்களே. ஆதலால் அம்மரபணுக்களிலும் சடுதிமாற்றம் நேரலாம். பிழை திருத்தும் விதியிலேயே பிழை நேர்ந்துவிட்டால், அதன்பின் நேரும் பிழைகளைத் தடுப்பது எளிதன்று. அத்தகைய பாக்டீரியாவில் சடுதிமாற்றம் நூறு மடங்கும் அதற்கு மேலும் பெருகுகின்றது. இவற்றைப் ‘பிழைமிகு வகைகள்’ எனலாம்.

சடுதிமாற்றங்களுள் பெரும்பாலானவை பயனற்றவை அல்லது தீங்கானவை. ஆதலால் பிழைமிகு வகைகள் விரைவில் அழிந்துபோகும் என எதிர்பார்ப்பது இயல்பு. அமைதியான சூழலில் அவை அரியனவாகவே உள்ளன. ஆனால் நோயாளிகளிடமிருந்தும் உணவிலிருந்தும் எடுக்கப்பட்ட எஷரிச்சியா கோலி, சால்மொனெல்லா ஆகிய நோய்க்கிருமிகளை ஆராய்ந்த லெகிளார்க் குழுவினர், நூற்றுக்கு ஒன்றுக்கும் மேற்பட்டவை பிழைமிகு வகைகளாக இருப்பதை 1996இல் வெளியிட்டனர். எதிர்பார்த்ததைவிட இது மிகுதி.

ரிச்சர்டு லென்ஸ்கி என்னும் அறிஞர் 1988 பிப்ரவரியில் எஷரிச்சியா கோலியின் 12 குழுக்களைத் தனித்தனியே வளர்க்கத் தொடங்கினார். நாள்தோறும் சிறு பகுதியைப் புதிய உணவில் இட்டு வளர்க்கும் அச்சோதனை பல்லாயிரம் தலைமுறைகளைக் கடந்தது. முதல் 10,000 தலைமுறைகளுக்குள் 3 குழுக்கள் பிழைமிகு வகைகளாகிவிட்டன என்பதை 1997இல் அவர் குழு அறிவித்தது. 50,000 தலைமுறைகளுக்குள் அவ்வெண்ணிக்கை 6 ஆயிற்று.

காரணம் யாது? பரிசுச்சீட்டுகளை மிகுதியாக வாங்குபவனுக்குப் பெரும்பாலானவை வெற்றுச்சீட்டுகளே; எனினும் பரிசு விழும் வாய்ப்பும் அவனுக்கே மிகுதி. அதுபோல, பயனுள்ள சடுதிமாற்றம் ஒன்று பிழைமிகு வகையில் முதலில் தோன்றும் வாய்ப்பு மிகுதியாகும். பாக்டீரியா தன்னைத்தானே படியெடுத்துப் பெருகுவதால், அந்நன்மாற்றமும் பழுதுபட்ட திருத்த மரபணுவும் பிரியாமல் சேர்ந்தே பெருகுகின்றன.

குறுகிய வெற்றி

இவ்வெற்றி நிலைக்கின்றதா? எலியின் குடலில் இருவகைப் பாக்டீரியாக்களையும் போட்டியிடச் செய்த ஆய்வொன்று 2001இல் வெளிவந்தது. புதிய சூழலில் பழகும்வரை பிழைமிகு வகை முன்னேறியது. பழகியபின் அதன் மேன்மை மறைந்தது. அதனுள் குவிந்த பிழைகள், வேறு சூழலுக்குச் சென்றபோது அதற்குச் சுமையாயின. லென்ஸ்கியின் குழுக்களுள் ஒன்றில், பெருகிய சடுதிமாற்ற வேகம் பின்னர் ஓரளவு தணிந்ததும் பதிவாகியுள்ளது.

ஆகவே, திருத்தத்தை இழந்த உயிர் நெருக்கடியில் வெல்கின்றது, அமைதியில் தளர்கின்றது. நெருக்கடி தொடர்ந்து வந்துகொண்டேயிருந்தால் அது தொடர்ந்து வெல்லும். இதற்குச் சான்று ஸ்பெயின் நாட்டு ஆய்வாளர் 2000இல் வெளியிட்ட செய்தி. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பிறவிநோயால் நுரையீரல் நலிந்து, ஆண்டுக்கணக்கில் மருந்துண்டு வாழ்ந்த 30 நோயாளிகளுள் 36 விழுக்காட்டினரிடம், சூடோமோனஸ் ஏருஜினோசா என்னும் கிருமியின் பிழைமிகு வகை குடியேறியிருந்தது. அந்நோய் இல்லாது, அதே கிருமியால் திடீரெனத் தாக்கப்பட்ட 75 பேரிடம் ஆராய்ந்தபோது ஒருவரிடமும் அவ்வகை காணப்படவில்லை. நெடுநாள் தொடரும் நோயும் இடைவிடாத மருந்துமே அவ்வகைக்கு ஏற்ற நிலமாயின.

மருந்து செய்வதும் நாம் செய்வதும்

மருந்து உண்பதால் கிருமி சிந்தித்துத் தன்னை மாற்றிக்கொள்கின்றது எனப் பலர் எண்ணுகின்றனர். லூரியா, டெல்பிரக் ஆகியோர் 1943இல் வெளியிட்ட ஆய்வு இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. பகைவன் வருமுன்னரே சடுதிமாற்றம் தற்செயலாக நேர்ந்திருக்கும். பகைவன் வந்தபின் மற்றவை அழிய, மாறியது மட்டும் எஞ்சும். மருந்து இங்கே சல்லடையாகச் செயற்படுகின்றது.

ஒரு கணக்கைக் காண்போம். ஒரு மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா 10 கோடிக்கு ஒன்று வீதம் தோன்றும் எனக் கொள்வோம். உடலில் 1 கோடி கிருமிகள் இருப்பின், எதிர்க்கும் கிருமி இல்லாதிருக்கவே வாய்ப்பு மிகுதி. அதே 1 கோடியும் நூறு மடங்கு பிழைமிகு வகையாயின், எதிர்க்கும் கிருமிகள் ஏறத்தாழ 10 அங்கே காத்திருக்கும். மருந்து மாற்றி மருந்து என ஒவ்வொரு முறையும் சலித்தால், எஞ்சுபவற்றுள் பிழைமிகு வகையின் பங்கு படிப்படியாக உயரும். ஆய்வகத்தில் அடுத்தடுத்துத் தேர்வுக்கு உட்படுத்திய பாக்டீரியாக்களில் இது நேரிற் காணப்பட்டுள்ளது.

காசநோய்க் கிருமியின் கதை தனித்தன்மையுடையது. அதன் மரபுநூலில் மியூட்-எஸ், மியூட்-எல் ஆகியவை இல்லை. ஆயினும் அதன் சடுதிமாற்ற வேகம் மிகுதியன்று. நக்-எஸ் என்னும் வேறொரு புரதம் அக்காவலைப் புரிகின்றது என்பது மைக்கோபாக்டீரியா இனத்தை ஆராய்ந்தோரால் 2017இல் வெளியிடப்பட்டது. காவல் சிறந்திருந்தும், மருந்தை எதிர்க்கும் காசநோய் உலகெங்கும் பரவியுள்ளது. கிருமியின் பிழையைக் காட்டிலும் மனிதரின் பிழை பெரிது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

காசநோய்க் கிருமிகளுள் ஐசோநியாசிட் என்னும் மருந்தை எதிர்ப்பது 10 இலட்சத்துக்கு ஒன்று, ரிஃபாம்பிசினை எதிர்ப்பது 10 கோடிக்கு ஒன்று எனப் பொதுவாகக் கணக்கிடுவர். இரண்டையும் ஒருங்கே எதிர்ப்பது 100 இலட்சம் கோடிக்கு ஒன்றே. நோயாளியின் நுரையீரலில் அத்துணைக் கிருமிகள் இருக்க இயலாது. கூட்டு மருந்தின் வலிமை இந்தப் பெருக்கலில் உள்ளது. 1956இல் சென்னையில் தோன்றிய காசநோய் வேதிமருத்துவ மையம், வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்பதை 1959இல் உலகுக்கு உணர்த்தியது. ஒற்றை மருந்தினும் இரட்டை மருந்து சிறந்தது என்பதை வெளியிட்ட ஆய்வையும் 1960இல் தந்தது. இடையில் ஒரு மருந்தை மட்டும் நிறுத்துபவர், அப்பெருக்கலைத் தம் கையாலேயே அழிப்பவராவார்.

மனிதரிலும் அதே விதி

பாக்டீரியாவின் மியூட்-எஸ், மியூட்-எல் ஆகியவற்றுக்கு உறவான மரபணுக்கள் மனிதரிடமும் உள்ளன. அவற்றுள் பழுதைப் பிறவியிலேயே பெற்ற குடும்பங்களில் பெருங்குடற் புற்றுநோய் இளவயதிலேயே தோன்றுவது உண்டு. இதனை லின்ச் நோய்க்கூட்டு என்பர். இப்பழுதுக்குக் காரணமான மரபணுக்கள் 1993, 1994ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. பாக்டீரியாவின் திருத்தமுறையை முன்னரே அறிந்திருந்தமையால், மனிதரிடம் எதனைத் தேடவேண்டும் என்பது ஆய்வாளர்க்கு விரைவில் புலப்பட்டது. ஒரே குடும்பத்தில் பலர் இளவயதில் இந்நோய்க்கு ஆளாயின், ஏனையோர் முன்கூட்டியே மருத்துவ ஆய்வு செய்துகொள்ளுதல் உயிர்காக்கும்.

முடிவுரை

படைப்பில் பிழை முற்றிலும் நீக்கப்படவில்லை. எஞ்சிய சிறு பிழையே உயிர்கள் புதிய சூழலுக்கு ஏற்ப மாறுதற்கு இடந்தருகின்றது. அச்சிறு பிழையைக் கட்டுக்குள் வைக்க மூன்று காவல்களும், முதல்நூலை அறிய ஒரு முத்திரையும் அமைந்திருப்பதை எண்ணும்போது, படைத்தவனின் அளவறிந்த ஆற்றலை நெஞ்சம் வியக்கின்றது.

அவ்வியப்போடு நம் கடமை முடிந்துவிடவில்லை. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இவ்வுடல் ஓர் அமானிதம். கிருமிகளை வெல்லும் மருந்தும் அவ்வாறே. அது நமக்கு மட்டும் உரியதன்று. வைரசால் வரும் சளிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் நுண்ணுயிர்க்கொல்லி, நோயைத் தீர்ப்பதில்லை. நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களைச் சலித்து, எதிர்ப்பவற்றை மட்டும் எஞ்சவிடுகின்றது. அவை நம் பிள்ளைக்கும், அண்டை வீட்டாருக்கும், தொழுகையில் தோளோடு தோள் நிற்பவருக்கும் சென்று சேரும். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணச் சொன்ன மார்க்கத்தைப் பின்பற்றுவோர், மருத்துவர் குறித்த மருந்தை, குறித்த அளவில், குறித்த நாள்வரை உண்பதையும் அவ்வுரிமையுள் ஒன்றாகக் கொள்ளவேண்டும். வீட்டில் எஞ்சிய மாத்திரையைப் பிறர்க்குக் கொடுப்பதும் உதவியாகாது.

மாணவர்கள் இதனைத் தம் இல்லங்களில் எடுத்துரைப்பாராக. ஆசிரியர்கள் வகுப்பில் விளக்குவாராக. சமுதாயப் பெரியோர் தம் மஹல்லாவில் ஆறு மாத மருந்தை இடைநிறுத்தும் காசநோயாளியைத் தேடிச்சென்று துணைநிற்பாராக. கண்ணுக்குத் தெரியாத ஓருயிர், ஓர் எழுத்துப் பிழைக்காக ஆயிரம் எழுத்துகளைத் திருத்தி எழுதுகின்றது. ஒரு மனிதரின் நலத்துக்காக ஆறு மாதம் உடன்நிற்பது நமக்கு அரிதாகுமோ?